999, க்வீன் தெரு

உங்களிடம் ஒரு சின்னக் கேள்வி. ஒரு வீட்டின் கதவு எண்ணை மாற்றிவிட்டால், அந்த வீட்டுக்குள் நடந்ததெல்லாம் மறந்துபோய்விடுமா?

சிரிக்காதீர்கள். கனடாவின் டொராண்டோ நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரி நிஜமாகவே இதைச் செய்து பார்த்திருக்கிறது!

டொராண்டோவின் மேற்குப் பகுதியில் க்வீன் தெரு என்று நீளமான ஒரு கடைத்தெரு இருக்கிறது. அதில் 999-ம் எண்ணில் நூறு வருடங்களுக்கும் மேலாக நின்றுகொண்டிருந்தது ஒரு மனநல மருத்துவமனை. ஊர்க்காரர்கள் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். '999' என்றால் போதும், எல்லோருக்கும் புரிந்துவிடும். நம்மூரில் ஒரு பேட்டையின் பெயரைச் சொல்லி, நெற்றிக்குப் பக்கத்தில் விரலைச் சுழற்றிக் கிண்டலடிப்போமே... அதே சமாச்சாரம்தான்!

சிகிச்சை முடிந்து வெளியே வருகிற ஒருவர் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறார் என்று வையுங்கள். விலாசம் என்ற இடத்தில் '999' என்று எழுதினால், விண்ணப்பம் எங்கே போகும்? நேரே குப்பைக்கூடைக்குத்தான். ஆகவே 1979-ல் நிர்வாகம் ஒரு முடிவுக்கு வந்தது. 999 வேண்டாம், இனி 1001!

எண் மாறியது. அதற்கு முன்பே, 1975-76-ல், அந்தப் பழைய கட்டடத்தையும் இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். கட்டடமும் இல்லை, எண்ணும் இல்லை. கதை முடிந்ததா?

முடியவில்லை. இன்றைக்கு நீங்கள் அங்கே போனால், கடைகள், நடைபாதைகள், மரங்கள், புத்தம்புதிய கட்டடங்கள் எல்லாம் தாண்டி உள்ளே நடக்க வேண்டும். கடைசியில் ஒரு பழைய செங்கல் சுவர் உங்களை வழிமறிக்கும். ஒரு நகரம் எதை இடித்தது, எதை விட்டுவைத்தது, ஏன் விட்டுவைத்தது என்பதுதான் இந்த வாரக் கதை. அதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும்.

* * *

19-ம் நூற்றாண்டின் தொடக்கம். புத்தி பேதலித்தவர்களை என்ன செய்வது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. வசதியுள்ள குடும்பம் என்றால் வீட்டிலேயே ஓர் அறையில் அடைத்துவைப்பார்கள். ஏழை என்றால்? ஜெயில்தான்! திருடன், குடிகாரன், கடன்காரன், மனநோயாளி, எல்லோரும் ஒரே கொட்டடியில்.

டொராண்டோவும் விதிவிலக்கு இல்லை. 1841-ல் மனநோயாளிகளுக்கென்று தனியாக ஓர் இடம் வேண்டும் என்று அரசாங்கத்துக்குத் தோன்றியபோது, அது கண்டுபிடித்த இடம் எது தெரியுமா? காலியாகக் கிடந்த பழைய ஜெயில் கட்டடம்!

ஆனால் அதற்குள் ஐரோப்பாவில் ஒரு புதுக் காற்று வீச ஆரம்பித்திருந்தது. பிரான்ஸில் ஃபிலிப் பினெல் என்ற டாக்டர், நோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவது சிகிச்சையே அல்ல என்றார். இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் ட்யூக் என்ற தேயிலை வியாபாரி, 1796-ல் ஒரு சிறிய இல்லத்தைத் திறந்தார். அங்கே சங்கிலி கிடையாது, அடி உதை கிடையாது. தோட்டம், காற்று, வெளிச்சம், அமைதி, கனிவான பேச்சு, கைக்கு ஏதாவது வேலை... இவைதான் மருந்து!

இதைக் கேட்டு உலகமே அசந்துபோனது. அடுத்த ஐம்பது, அறுபது வருடங்களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஊருக்கு வெளியே, பரந்த நிலங்களுக்கு நடுவே, அரண்மனை மாதிரி மனநல மருத்துவமனைகள் முளைத்தன. 'கட்டடமே குணப்படுத்தும்' என்று அந்தக் காலத்து டாக்டர்கள் நிஜமாகவே நம்பினார்கள். கொடுமை செய்யவேண்டும் என்று யாரும் இவற்றைக் கட்டவில்லை, நம்பிக்கையோடுதான் கட்டினார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டொராண்டோவுக்கும் அந்த ஆசை வந்தது. ஊருக்கு மேற்கே, ராணுவத்துக்குச் சொந்தமான நிலத்திலிருந்து 50 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. தெற்கே ஒன்டாரியோ ஏரி. சுற்றிலும் வெறும் பொட்டல். கட்டடக் கலைஞர் ஜான் ஜார்ஜ் ஹோவர்டு வரைபடம் போட்டார். (இன்றைக்கும் டொராண்டோவாசிகள் ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போகிற 'ஹை பார்க்' பூங்கா இருக்கிறதே, அது இந்த ஹோவர்டின் சொந்த நிலமாக இருந்ததுதான்.) 1846-ல் அடிக்கல் நாட்டி, 1850 ஜனவரியில் திறந்தார்கள்.

ஊரின் மொத்த ஜனத்தொகையே அப்போது சுமார் முப்பதாயிரம். அந்தச் சின்ன ஊருக்குப் பக்கத்தில் பிரம்மாண்டமான ஒரு கட்டடம், தலையில் குவிமாடம்! அந்தக் குவிமாடத்துக்குள் தண்ணீர்த் தொட்டி. ஏரித் தண்ணீரை மேலே ஏற்றி, குழாய் வழியாகக் கட்டடம் முழுவதற்கும் விட ஏற்பாடு. ஊரில் முக்கால்வாசி வீடுகள் கிணற்றையும் வாளியையும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், மனநோயாளிகளுக்குக் குழாய்த் தண்ணீர்! என்ன ஒரு மனசு!

ஆனால்...

திறந்ததிலிருந்தே உள்ளே ஒரு துர்நாற்றம். நோயாளிகள் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் விழுந்துகொண்டே இருந்தார்கள். ஏன் என்று யாருக்கும் பிடிபடவில்லை. 1853-ல் ஜோசப் வொர்க்மன் என்ற டாக்டர் பொறுப்புக்கு வந்தார். அயர்லாந்துக்காரர். இடையில் டாக்டர் தொழிலை விட்டுவிட்டு இரும்புச் சாமான் கடை நடத்தியவர், அரசியலிலும் இருந்தவர். ஆள் லேசுப்பட்டவரில்லை. 'தரையைத் தோண்டிப் பாருங்கள்' என்றார்.

தோண்டினார்கள். கட்டடத்துக்கு அடியில் சாக்கடைக் குளம்! கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய்களைப் பிரதான வடிகாலோடு இணைக்கவே இல்லை! மூன்று வருடக் கழிவு மொத்தமும் நோயாளிகளின் காலடியிலேயே தேங்கிக் கிடந்திருக்கிறது. மேலே குவிமாடம், கீழே மலக்குழி. அந்தக் காலத்து மனநல மருத்துவமனைகளின் கதை முழுவதையும் இந்த ஒரு காட்சியிலேயே சொல்லிவிடலாம்.

வொர்க்மன் சாக்கடையைச் சரிசெய்தார். 1875 வரை, 22 வருடம் அங்கேயே இருந்தார். பின்னாளில் அவரைக் 'கனடாவின் மனநல மருத்துவத் தந்தை' என்றே அழைத்தார்கள். ஆனால் அவராலும் ஒன்றைத் தடுக்க முடியவில்லை. வந்தவர்கள் குணமாகித் திரும்பிப் போவார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் கட்டடம் கட்டினார்கள். பலர் போகவே இல்லை. குடும்பங்கள் வந்து கூட்டிக்கொண்டு போகவில்லை. வருவோர் கூட, போவோர் குறைய, ஆஸ்பத்திரி மெல்ல மெல்ல ஒரு கிடங்காக மாறியது.

* * *

இப்போது சுவருக்கு வருவோம்.

நிலத்தைச் சுற்றி உயரமான செங்கல் மதில். அதில் இன்றும் நிற்கிற தெற்குப் பக்கச் சுவர் 1860-ல் கட்டியது. கிழக்கு, மேற்குச் சுவர்கள் 1888-89-ல் எழும்பியவை. அதற்குள் ஊர் வளர்ந்து, பொட்டலாக இருந்த இடத்தில் ரயில் பாதையும் தொழிற்சாலைகளும் வந்துவிட்டன. நிலத்துக்கு விலை வந்துவிட்டது. விலை வந்தால் அரசாங்கம் சும்மா இருக்குமா? ஆஸ்பத்திரி நிலத்தில் ஒரு பகுதியை விற்றது. எல்லை உள்ளே நகர்ந்தது. புதுச் சுவர் வேண்டியிருந்தது.

அந்தச் சுவரைக் கட்டியது யார்?

கொத்தனார் கூட்டம் என்று நினைத்தீர்களா? இல்லை. உள்ளே இருந்த நோயாளிகள்! எந்தச் சுவர் தங்களை வெளியுலகத்திலிருந்து பிரித்ததோ, அந்தச் சுவரை அவர்களே செங்கல் செங்கலாக எழுப்பினார்கள். கூலி? ஒரு சல்லிக்காசு கிடையாது.

'வேலை ஒரு மருந்து' என்று ட்யூக் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அந்த நல்ல வார்த்தை எண்பது, தொண்ணூறு வருடத்தில் இங்கே வந்து நின்றது. ஆண் நோயாளிகள் சுவர் கட்டினார்கள், தச்சு வேலை பார்த்தார்கள், தோட்டத்தில் உழைத்தார்கள். பெண் நோயாளிகள் துணி துவைத்தார்கள், தைத்தார்கள், சமையலறையில் கிடந்தார்கள். அவர்கள் ஒருநாள் வேலையை நிறுத்தியிருந்தால் ஆஸ்பத்திரியே நின்றுபோயிருக்கும்! கணக்குப் புத்தகத்தில் அதற்குப் பெயர் சம்பளம் அல்ல, 'சிகிச்சை'.

இன்னொரு சங்கதியையும் கவனியுங்கள். பணம் கட்டித் தங்கிய வசதியான நோயாளிகளும் அதே ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அவர்கள் செங்கல் சுமக்கவேண்டியதில்லை. உழைப்பு நிஜமாகவே மருந்து என்றால், பணக்காரனுக்கு மட்டும் அந்த மருந்து ஏன் தேவைப்படவில்லை? இந்தக் கேள்வியை அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்டவர்கள் சுவருக்கு உள்ளே இருந்தார்கள். அவர்கள் பேச்சு எடுபடுமா?

அந்தச் சுவரின் சில செங்கற்களில் இன்றைக்கும் கீறல்கள் தெரிகின்றன. எழுத்துக்கள், கோடுகள். யாரோ ஒருவர் ஆணியையோ கல்லையோ வைத்து, 'நானும் இங்கே இருந்தேன்' என்று சொல்லிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

* * *

20-ம் நூற்றாண்டில் ஆஸ்பத்திரி பெயரை மாற்றிக்கொண்டே இருந்தது. 'மாகாணப் பைத்தியக்கார விடுதி' என்று ஆரம்பித்தது, பிறகு 'மருத்துவமனை' ஆயிற்று, 1966-ல் 'க்வீன் தெரு மனநல மையம்' ஆயிற்று. பெயர்ப்பலகை மாறும்போதெல்லாம் ஊர்க்காரர்கள் ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, '999' என்றே சொல்லிக்கொண்டு போனார்கள்.

நிஜமான மாற்றம் ஒரு மாத்திரை வடிவில் வந்தது. 1950களில் குளோர்ப்ரோமசின் என்ற மருந்து புழக்கத்துக்கு வந்தது. கனடாவில் அதை முதலில் கொடுத்துப் பார்த்தவர் மான்ட்ரியாலைச் சேர்ந்த டாக்டர் ஹெய்ன்ஸ் லேமன். காதுக்குள் கேட்ட குரல்கள் பலருக்கு அடங்கின. ஆயுள் முழுக்க உள்ளேயே வைத்திருக்கவேண்டியதில்லை, மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பலாம் என்ற நிலை வந்தது. அரசாங்கங்களுக்கு அதில் இன்னொரு சந்தோஷமும் இருந்தது. செலவு மிச்சம்!

உலகம் முழுக்க மனநல மருத்துவமனைகள் காலியாக ஆரம்பித்தன. நல்ல காரியம்தானே என்பீர்கள். நல்ல காரியம்தான். ஆனால் 'வீட்டுக்கு அனுப்பலாம்' என்றார்களே, வீடு எங்கே இருந்தது? 20, 30 வருடம் உள்ளே இருந்தவருக்கு யார் கதவைத் திறப்பார்கள்?

டொராண்டோவில் அவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் பார்க்டேல். ஆஸ்பத்திரிக்கு மேற்கே நடந்துபோகிற தூரத்தில் இருக்கிற பேட்டை. ஒரு காலத்தில் பணக்காரர்கள் வாழ்ந்த பெரிய பெரிய வீடுகளைத் தடுத்துத் தடுத்து, அறை அறையாக வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, பொதுக் கழிவறை. 1979-ல் நகரத்தின் இன்னொரு மனநல மருத்துவமனையான லேக்‌ஷோரையும் மூடினார்கள். கூட்டம் இன்னும் சேர்ந்தது. செங்கல் சுவர் போய், வாடகை அறையின் சுவர் வந்தது. அவ்வளவுதான்.

இதற்கு நடுவில்தான் ஹோவர்டின் குவிமாடக் கட்டடத்தை இடித்தார்கள். 'வரலாற்றுச் சின்னம், இடிக்காதீர்கள்' என்று கட்டடக்கலை அபிமானிகள் குரல் கொடுத்தார்கள். 'அவமானச் சின்னம், இடித்தே தீரவேண்டும்' என்றது மறுதரப்பு. 1976-ல் அது கட்டாந்தரை ஆயிற்று. 1970களின் தொடக்கத்தில் எழுப்பிய புதுக் கட்டடங்கள் மட்டும் புல்வெளிக்கு நடுவே, தெருவிலிருந்து விலகி நின்றன. சுற்றிலும் ஊர். நடுவில் 27 ஏக்கர் தீவு. 50 ஏக்கரில் மிஞ்சியது அவ்வளவுதான். முன்பக்கம் திறந்துகிடந்தாலும் வேலையில்லாமல் அந்தத் தீவுக்குள் யாரும் காலடி எடுத்துவைக்கவில்லை. செங்கல் இல்லாமலும் மதில் கட்ட முடியும் பாருங்கள்!

* * *

இங்கே கொஞ்சம் லண்டனுக்குப் போய்விட்டு வரலாம். இதே மாதிரி நிலம் அங்கே என்ன ஆனது என்று பார்த்துவிட்டால், டொராண்டோ செய்த காரியம் சுலபமாகப் புரியும்.

வடக்கு லண்டனில் கோல்னி ஹேட்ச் மருத்துவமனை. 1851-ல் திறந்தது. கிட்டத்தட்ட நம் 999-க்குச் சம வயது. மைல் கணக்கில் நீளும் தாழ்வாரங்கள். 1903-ல் அங்கே பிடித்த தீயில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண் நோயாளிகள் இறந்துபோனார்கள். பின்னாளில் 'ஃப்ரையர்ன்' என்று பெயரை மாற்றிக்கொண்டு, 1993-ல் மூடிவிட்டார்கள். அப்புறம்? கட்டுமான நிறுவனம் வந்தது. கட்டடத்தை இடிக்கவில்லை. பாலிஷ் போட்டது! ஆடம்பர ஃப்ளாட்டுகள், நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம். புதுப் பெயர் 'பிரின்சஸ் பார்க் மேனர்'. 'ஒன் டைரக்‌ஷன்' என்ற பிரபல இசைக்குழுவின் பையன்கள்கூட அங்கே குடியிருந்தார்கள்.

பார்பரா டெய்லர் என்ற சரித்திரப் பேராசிரியை, அவரும் கனடாவில் பிறந்தவர்தான், 1980களின் இறுதியில் அதே ஃப்ரையர்னில் நோயாளியாக இருந்தவர். 2014-ல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். தலைப்பு 'கடைசி அசைலம்'. அவர் படுத்திருந்த வார்டுகள் எல்லாம் இன்று யாரோ ஒருவருடைய வரவேற்பறை!

டொராண்டோவில் கட்டடத்தை இடித்துவிட்டு நோயாளிகளை வைத்துக்கொண்டார்கள். லண்டனில் கட்டடத்தை வைத்துக்கொண்டு நோயாளிகளை அனுப்பிவிட்டார்கள். இரண்டில் எது மேல் என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

* * *

1998-ல் க்வீன் தெரு மனநல மையத்தையும், போதைப் பழக்கத்துக்கும் மனநோய்க்கும் சிகிச்சை தருகிற வேறு மூன்று நிறுவனங்களையும் ஒன்றாக இணைத்து ஒரே அமைப்பாக்கினார்கள். சுருக்கமாகக் 'கேம்எச்' என்கிறார்கள். புது நிர்வாகத்தின் கையில் 27 ஏக்கர். அதுவும் எப்பேர்ப்பட்ட இடத்தில்!

ஏனென்றால் க்வீன் தெருவுக்குத் திடீரென்று யோகம் அடித்திருந்தது. ஓவியர்கள் வந்தார்கள். பின்னாலேயே கேலரிகள், காபிக் கடைகள். அதற்கும் பின்னால் அடுக்குமாடிகள். சீந்துவாரற்றுக் கிடந்த டிரேக், கிளாட்ஸ்டன் என்ற இரண்டு பழைய ஹோட்டல்கள் 2004, 2005-ல் புதுப்பொலிவோடு திறந்தன. 2014-ல் 'வோக்' பத்திரிகை உலகின் ரசனையான பேட்டைகளைப் பட்டியல் போட்டபோது இந்த மேற்கு க்வீன் தெருவுக்கு இரண்டாவது இடம்!

இப்படிப்பட்ட இடத்தில் 27 ஏக்கர் இருந்தால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? விற்றுக் காசாக்கிவிட்டு, ஆஸ்பத்திரியை ஊருக்கு வெளியே தள்ளிவிடுவோம். மறுபடியும் 1850!

அவர்கள் செய்யவில்லை. மாறாக ஒரு விநோதமான திட்டம் போட்டார்கள். 'ஆஸ்பத்திரியை ஊருக்கு வெளியே அனுப்பவேண்டாம். ஊரை ஆஸ்பத்திரிக்குள் கூப்பிடுவோம்!' திட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர், 'நகரத்துக்குள் ஒரு கிராமம்'.

அது எப்படி என்று கேட்கிறீர்களா? ரொம்பச் சுலபம். தெருக்கள்! ஆஸ்பத்திரி வாசலில் முட்டிக்கொண்டு நின்ற ஊர்த் தெருக்களை அப்படியே உள்ளே நீட்டினார்கள். ஒரே துண்டாக இருந்த தீவு பல துண்டுகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு துண்டிலும் நிதானமான உயரத்தில் கட்டடங்கள். பெரிய கேட் கிடையாது, காவலாளிக் கூண்டு கிடையாது. கதவைத் திறந்தால் நடைபாதை. ஒரு கட்டடத்தில் வார்டு, அடுத்ததில் அலுவலகம், இன்னொன்றின் கீழ்த்தளத்தில் கடை. கிராஸ் பண்ணிப் போகிறவருக்கு எது ஆஸ்பத்திரி, எது ஊர் என்று பளிச்சென்று தெரியக்கூடாது. அதுதான் குறிக்கோள்!

2008-ல் முதல் கட்டடங்கள் திறந்தன. பழைய வார்டு மாதிரி இல்லாமல் வீடு மாதிரி. 2012-ல் அடுத்த கட்டம். 2020-ல் இரண்டு பெரிய கட்டடங்கள். தெருக்களுக்குப் பெயர் வைத்ததிலும் ஒரு நயம். சாக்கடையைக் கண்டுபிடித்த டாக்டர் பெயரில் 'வொர்க்மன் வே'. இன்னொன்றுக்கு 'வெள்ளை அணில் வழி'! பக்கத்துப் பூங்காவில் வெள்ளை நிறத்தில் அபூர்வ அணில்கள் உண்டு. ஒரு மனநல மருத்துவமனையின் விலாசம் 'வெள்ளை அணில் வழி' என்றிருந்தால் யாராவது முகம் சுளிப்பார்களா, சொல்லுங்கள்? 999-லிருந்து 1001-க்கு மாற்றியபோது கிடைக்காதது, தெருவைத் திறந்தபோது கொஞ்சம் கிடைத்தது.

உள்ளேயும் சும்மா இருக்கவில்லை. லிசா பிரவுன் என்ற நர்ஸ், நோயாளிகள் சிலர் அற்புதமாகப் பாடுவதையும் நடிப்பதையும் பார்த்து, 1987-லேயே ஒரு கலைக் குழுவைத் தொடங்கியிருந்தார். பெயர் 'வொர்க்மன் ஆர்ட்ஸ்'. 1993-லிருந்து மனநோயைப் பற்றிய திரைப்பட விழாவையும் அவர்கள் நடத்துகிறார்கள். நோயிலிருந்து மீண்டவர்களே நடத்திய காபிக் கடையும் அந்த வளாகத்தில் இருந்தது. நூறு வருடத்துக்கு முன்னால் இதே நிலத்தில் இதே மாதிரி மனிதர்கள் சமையலறையில் உழைத்தார்கள், சம்பளமில்லாமல். இவர்களுக்குச் சம்பளம் உண்டு. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

* * *

சரி, சுவர் என்ன ஆயிற்று?

நியாயமாகப் பார்த்தால் முதலில் இடித்திருக்கவேண்டியது அதைத்தான். ஊரை உள்ளே கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டு மதில் சுவரை வைத்துக்கொண்டிருந்தால் யார் நம்புவார்கள்? சுவர்தானே எல்லா வினைக்கும் மூலம்!

அப்போது குறுக்கே வந்தவர்கள் யார் தெரியுமா? பழைய நோயாளிகள்! 'எங்களைச் சிறைவைத்த சுவர்தான். ஆனாலும் இடிக்காதீர்கள்' என்றார்கள்.

அவர்களில் முக்கியமானவர் ஜெஃப்ரி ரோம். இளம் வயதில் தாமே மனநோயாளியாக மருத்துவமனையில் இருந்தவர். பிறகு சரித்திரம் படித்து ஆராய்ச்சியாளர் ஆனார். ஆராய்ச்சிக்கு அவர் எடுத்துக்கொண்டது இதே மருத்துவமனையின் பழைய நோயாளிக் கோப்புகளை. 1870 முதல் 1940 வரை உள்ளே இருந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள், என்ன வேலை செய்தார்கள், யாருக்குக் கடிதம் எழுதினார்கள் என்று தேடித் தேடி எடுத்து, 2000-ல் புத்தகமாக்கினார். அதற்கு முன் டாக்டர்களின் சரித்திரம் இருந்தது. கட்டடத்தின் சரித்திரம் இருந்தது. நோயாளிகளின் சரித்திரத்தை எழுத ஒரு நோயாளி வரவேண்டியிருந்தது.

அவருடைய வாதம் எளிமையானது. குவிமாடம் போய்விட்டது. வார்டுகள் போய்விட்டன. ஆயிரக்கணக்கானவர்கள் இங்கே வாழ்ந்து, உழைத்து, செத்தும் போனார்கள். அவர்கள் கையால் செய்தது என்று சொல்ல இங்கே மிச்சமிருப்பது என்ன? இந்தச் சுவரும், அதையொட்டி அவர்களே கட்டிய இரண்டு சின்னப் பட்டறைக் கட்டடங்களும்தான். சுவரை இடித்தால், கூலி கொடுக்காத அதே ஊர் அவர்களுடைய வேலையையும் அழித்ததாக ஆகும்.

1997-ல் சுவருக்குச் சட்டப்படி பாரம்பரியச் சின்னம் என்ற பாதுகாப்புக் கிடைத்தது. 2000-லிருந்து ரோம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு சுவரைச் சுற்றிக் காட்ட ஆரம்பித்தார். 2010-ல் சுவரோரமாக நினைவுப் பலகைகளும் வைத்தார்கள். சுவரை எழுப்பிய நோயாளிகளின் கதையைப் போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று படிக்கலாம். எந்தச் செங்கலில் கீறல் இருக்கிறது என்று தொட்டும் பார்க்கலாம்.

* * *

'சுபம்' போட்டு முடித்துவிடலாம் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது.

பேட்டை அழகாகிவிட்டது. சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. வாடகை வானத்தில் பறக்கிறது. ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு மோசமாகவாவது ஒரு கூரை கொடுத்த பார்க்டேல் வாடகை அறைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. பழுதுபார்த்து, பெயின்ட் அடித்து, வேறு ஆட்களுக்கு வேறு வாடகைக்கு விடுகிறார்கள். ஆஸ்பத்திரியின் கதவு தெருவைப் பார்த்துத் திறக்கிறது, வாஸ்தவம். குணமாகி அந்தக் கதவு வழியாக வெளியே வருகிறவர், அதே தெருவில் ஓர் அறை எடுத்துத் தங்க முடியுமா?

இந்தக் கேள்விக்கு டொராண்டோ இன்னும் முழுசாகப் பதில் சொல்லவில்லை. லண்டனோ அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டிய அவசியமே இல்லாமல் செய்துகொண்டது. நோயாளிகள்தான் அங்கே இல்லையே! அந்த வகையில் டொராண்டோ எவ்வளவோ மேல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தப்போ ரைட்டோ, ஊருக்கு நடுவே அவர்களையும் வைத்துக்கொண்டு திண்டாடுகிறது.

பெரிய நகரம் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு நிலம் இருக்கும். ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே இருந்தது, இன்றைக்கு ஊருக்கு நடுவே வந்திருக்கும். சதுர அடி விலையைச் சொல்லிக்கொண்டு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். பளபளவென்று படம் போட்ட விளம்பரம் ஒருநாள் உங்கள் கைக்கும் வரும். அதில் நீச்சல் குளம் எங்கே, கார் நிறுத்துமிடம் எங்கே என்றெல்லாம் பாருங்கள், தப்பில்லை. கூடவே இன்னொன்றையும் விசாரியுங்கள். அங்கே முன்பு இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

க்வீன் தெருவில் அதற்குப் பாதிப் பதிலாவது இருக்கிறது. சிலர் அதே இடத்தில், ஜன்னல் வைத்த அறையில், தெருவைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். மற்றவர்கள் அந்தச் சுவரில் இருக்கிறார்கள்.